மாத்திரை போட்டுட்டு வண்டி எடுக்கலாமா?

தங்கச்சி, ஒத்தைத் தலைவலிக்குப் புதுசா ராத்திரி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்காங்க, காலையில சேலையூர்ல இருந்து சிறுசேரிக்கு ஸ்கூட்டியில போகலாமான்னு கேட்டிருந்தே. மெல்போர்ன்ல இருக்கற தம்பிக்கும் இதே சந்தேகம். முதுகு நரம்பு வலிக்கு அவனோட டாக்டர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்திருக்காராம், கார் ஓட்டினா போலீஸ் பிடிக்குமான்னு கேட்கறான். ரெண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதறேன். கிழக்குத் தாம்பரத்துல மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா நிக்கற அக்கா, இதுல உங்களுக்குச் சொல்ல எனக்கு நிறையவே இருக்கு.

ரெண்டு பேரும் முதல்ல போலீஸைப் பத்திதான் கேட்டீங்க. நான் முதல்ல உங்க கண்ணையும் கையையும் பத்திக் கேட்கறேன். கேம்ப் ரோடு சிக்னல்ல முன்னாடி போற ஷேர் ஆட்டோ திடீர்னு நின்னா, பிரேக்குக்குக் கை போக எவ்வளவு நேரம் ஆகுது? அதைத்தான் நாமும் கேட்கணும், சட்டமும் கேட்கணும். உடம்புல மருந்து ஒரு துளி ஒட்டியிருக்கா இல்லையாங்கறது வேற விஷயம். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பினதாலதான் ஆஸ்திரேலியாவுல நோயாளிங்க இத்தனை வருஷம் அவஸ்தைப்பட்டாங்க. நம்ம ஊர்ல அந்தக் குழப்பம் வர்றதுக்கு முன்னாடியே சரியான வழியை நாம கேட்டு வாங்கிக்கணும்.

சட்டம் என்ன சொல்லுது

மோட்டார் வாகனச் சட்டம் 1988. அதுல 185-வது பிரிவு. 'டிரங்க் அண்ட் டிரைவ்'னு எல்லாரும் சொல்றது இதைத்தான். ஆனா அதுல ரெண்டு பகுதி இருக்கு. முதல் பகுதி மது: 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குற்றம். அளவு போட்டாச்சு, தாண்டினா தப்பு, வேற கேள்வி இல்ல. ரெண்டாவது பகுதி போதை தரும் மருந்து. இதுக்கு அளவு எதுவும் கிடையாது. 'வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு' அந்த மருந்தோட பிடியில இருந்தாத்தான் குற்றம்.

தண்டனை ரெண்டுக்கும் ஒண்ணுதான். முதல் தடவை 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா 10,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ரெண்டும். மறுபடி மாட்டினா 2 வருஷம் வரைக்கும் சிறை, 15,000 ரூபாய். 2019 திருத்தத்துக்கு அப்புறம் வந்த தொகை இது. ரோட்டுலயே அபராதம் கட்டி முடிச்சுக்கற விஷயமும் இல்ல, கோர்ட் வரைக்கும் போகும்.

அதே திருத்தம் இன்னொண்ணையும் செஞ்சுது. 'மருந்து'ன்னா எதுங்கற விளக்கத்துல, 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல வர்ற எல்லா மனமயக்கிப் பொருளையும் சேர்த்துட்டாங்க. அந்தப் பட்டியல்ல கஞ்சா, அபின் மட்டும்தான் இருக்கும்னு நினைக்காதே. பதற்றத்துக்குக் கொடுக்கற அல்பிரசோலம், வலிப்புக்கும் பயத்துக்கும் கொடுக்கற குளோனாசிபாம், தூக்கத்துக்குக் கொடுக்கற சோல்பிடெம், ஆபரேஷன் முடிஞ்சு வலிக்குக் கொடுக்கற டிரமடால் எல்லாம் அதுல இருக்கு. டிரமடால் 2018-லதான் சேர்ந்தது. நம்ம தெருவுல வீட்டுக்கு வீடு அலமாரியைத் திறந்து பார்த்தா இதுல ஒண்ணாவது கிடைக்கும். ஆக கஞ்சா எண்ணெய் குடிக்கற தம்பியைப் போலவே, கால் மாத்திரை குளோனாசிபாம் போட்டுத் தூங்கற நம்ம பக்கத்து வீட்டு மாமாவும் இந்தப் பிரிவோட வாசல்லதான் நிக்கறார்.

அட்டையோட மேல் மூலையைப் பாரு

இந்த வகை மாத்திரைகளைக் கண்டுபிடிக்க மருந்தோட பேர் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. மாத்திரை அட்டையில, பெட்டியில இடது பக்கம் மேல சிவப்பு எழுத்துல 'என்.ஆர்.எக்ஸ்'னு மூணு இங்கிலீஷ் எழுத்து இருந்தா, அது போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்ற மருந்து. வெறும் 'ஆர்.எக்ஸ்' இருந்தா டாக்டர் சீட்டு வேணுங்கற மருந்து, அவ்வளவுதான். புது மாத்திரை வாங்கினதும் முதல் வேலையா அந்த மூலையைப் பாரு. அட்டையைக் கத்திரிச்சு ரெண்டு மாத்திரை, மூணு மாத்திரைன்னு வாங்கற பழக்கம் இருந்தா அதை விட்டுடு. எச்சரிக்கை வாசகம், காலாவதித் தேதி ரெண்டும் கத்திரிச்ச மிச்சத்துல போயிடும்.

அந்தச் சிவப்பு எழுத்து இல்லாத மருந்துலயும் தூக்கம் உண்டுங்கறதை மறந்துடாதே. சளி மாத்திரையிலதான் நம்ம ஆளுங்க அதிகமா ஏமாறுறாங்க. ஜி.எஸ்.டி ரோட்டுத் தூசிக்குத் தும்மல் நிக்காம கடைக்கு வந்து, 'அவில் ஒண்ணு கொடுங்க'ன்னு வாங்கி, அங்கேயே தண்ணி வாங்கிப் போட்டுட்டு, வாசல்ல நிறுத்தின பைக்கை எடுக்கறவங்க எத்தனையோ பேர். அவில்ல இருக்கற பெனிரமைன், சளி மாத்திரைகள்ல கலந்திருக்கற குளோர்பெனிரமைன் ரெண்டும் நல்லா தூக்கம் வர வைக்கற பழைய காலத்து அலர்ஜி மருந்து. பஸ்ல வாந்தி வராம இருக்கப் போடற அவோமினும் அதே ஜாதி. செட்டிரிசின் அவ்வளவு மோசமில்ல, ஆனா சில பேரைத் தூக்கிப் போட்டுடும். பகல்ல வண்டி ஓட்ட வேண்டியிருந்தா டாக்டர்கிட்ட 'தூக்கம் குறைவா வர்றதாக் கொடுங்க'ன்னு கேளு. பெக்ஸோபெனடின், லோரட்டடின்னு இருக்கு. கேட்டாத்தான் மாத்தி எழுதுவாங்க. நீ ஸ்கூட்டியில மேடவாக்கம் தாண்டிப் போறவன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

உனக்கு எழுதியிருக்கறது அமிட்ரிப்டிலின். ஒத்தைத் தலைவலிக்குச் சின்ன அளவுல ராத்திரி கொடுக்கறது வழக்கம்தான், பயப்படாதே. முதல் ஒண்ணு ரெண்டு வாரம் காலையில தலை பாரமா, மந்தமா இருக்கும். உடம்பு பழகப் பழகக் குறையும். அதனால டாக்டர் சரின்னு சொன்னா படுக்கற நேரத்துக்குப் போடாம, ராத்திரி 8 மணி வாக்குல போட்டுடு. காலையில எழுந்திருக்கும்போது பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அம்மாவுக்குச் சர்க்கரையால வர்ற கால் எரிச்சலுக்குப் பிரிகாபாலின், கபாபென்டின் எழுதினாங்களே, அதுக்கும் இதே கணக்கு. ஆரம்பிக்கற வாரம், அளவு கூட்டற வாரம் ரெண்டும்தான் ஆபத்து.

ஆகவே ஒரு விதி வச்சுக்கோ: புது மாத்திரை ஆரம்பிக்கறதா இருந்தா வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பி. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உன் உடம்பு எப்படி நடந்துக்குதுன்னு வீட்டுல இருந்தே பார்க்கலாம். அளவு கூட்டினாலும் அதே மாதிரி. முதல் வாரம் வண்டியைத் தொடாதே. காலையில அலாரம் அடிச்சும் எழுந்திருக்க முடியல, படிச்ச வரியையே திரும்பப் படிக்கற, பேசும்போது வார்த்தை தேடற, நிலைப்படியில கால் இடிக்குதுன்னா அந்த நாள் வண்டி கிடையாது. 'எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னு உனக்குத் தோணறதை மட்டும் நம்பாதே. மருந்து மந்தப்படுத்தறதே அந்தக் கணிப்பைத்தான். வீட்டுல இருக்கறவங்ககிட்ட கேளு, அவங்க பார்த்துச் சொல்வாங்க.

வண்டி இல்லாம எப்படிப் போறதுன்னு கேட்பே. சிறுசேரிக்கு ஆபீஸ் வேன் இருந்தா ஒரு வாரம் அதுல போ. இல்லன்னா பஸ் மாறிப் போ, அரை மணி முன்னாடியே கிளம்பு. தாம்பரத்துல இருந்து வடக்கே போற வேலையா இருந்தா மின்சார ரயில் இருக்கு, பல்லாவரம், கிண்டி, எழும்பூர்னு எங்க வேணா இறங்கிக்கலாம். பெருங்களத்தூர்லயும் வண்டலூர்லயும் லாரியும் வெளியூர் பஸ்ஸும் முண்டற ரோட்டுல அரைத் தூக்கத்துல ஸ்கூட்டி ஓட்டறதுக்கு இதெல்லாம் எவ்வளவோ மேல்.

பொம்பளைங்களுக்குத் தனியா ஒரு விஷயம் சொல்லணும். சோல்பிடெம் தூக்க மாத்திரை பெண்கள் உடம்பை விட்டு மெதுவாத்தான் வெளியேறுது. ராத்திரி போட்டது மறுநாள் காலையில வண்டி ஓட்டற நேரத்துலயும் ரத்தத்துல கணிசமா இருக்குன்னு தெரிஞ்சதால, அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013 ஜனவரியில பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராம்ல இருந்து 5 மில்லிகிராமாப் பாதியாக் குறைக்கச் சொல்லிச்சு. உனக்கோ உன் சிநேகிதிக்கோ 10-னு எழுதியிருந்தா, நீங்களா குறைக்காதீங்க. டாக்டர்கிட்ட இதைச் சொல்லிக் கேளுங்க. குளோனாசிபாம் இன்னும் நீளம். ரத்தத்துல பாதியாக் குறையவே ஒரு நாளுக்கு மேல ஆகும். 'நேத்து ராத்திரிதானே போட்டேன்'ங்கறது அதுக்குப் பொருந்தாது.

கண் ஆஸ்பத்திரியில பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டா சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பக்கத்துல இருக்கறது மங்கும். போகும்போதே துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போ. அப்பா இன்சுலின் போடறவர், வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி விரல்ல குத்திச் சர்க்கரை பார்க்கச் சொல்லு. 90-க்குக் கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டு, சரியானதும்தான் சாவியைத் தொடணும். சட்டைப் பையில குளுக்கோஸோ மிட்டாயோ எப்பவும் இருக்கட்டும். முக்கியமா இன்னொண்ணு: தூக்கம் வருதேன்னு வலிப்பு மாத்திரையையோ மன அழுத்த மாத்திரையையோ நீங்களே நிறுத்திடாதீங்க. வண்டியை நிறுத்துங்க, மருந்தை நிறுத்தாதீங்க.

தம்பி, இது உனக்கு

ஆஸ்திரேலியாவுல மருத்துவக் கஞ்சாவுக்கு முதல்ல தனிச் சட்டம் போட்டது நீ இருக்கற விக்டோரியாதான், 2016-ல. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே, 2004 டிசம்பர்ல இருந்தே, ரோட்டுல நிறுத்தி எச்சில்ல கஞ்சாவோட போதைச் சத்தான டிஹெச்சி இருக்கான்னு பார்க்கறதும் அங்க ஆரம்பிச்சாச்சு. மருந்தா எழுதிக் கொடுத்த சட்டமும் எச்சிலைப் பார்த்த சட்டமும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கவே இல்ல. அளவு இல்ல, தள்ளாடினியான்னு கேள்வி இல்ல. இருந்தாலே குற்றம். கோர்ட்டுல குற்றவாளின்னு முடிவானா லைசென்ஸ் ரத்து கட்டாயம். முந்தின நாள் ராத்திரி டாக்டர் சொன்ன அளவு எண்ணெய் குடிச்சுத் தூங்கி எழுந்து, தெளிவா வேலைக்குப் போனவங்களும் இதுல லைசென்ஸ் இழந்தாங்க. அதே ரோட்டுல டிரமடாலோ டயஸிபாமோ போட்டுட்டு ஓட்டறவரை அந்த எச்சில் பரிசோதனை கண்டுக்கவே கண்டுக்காது.

அங்கத்த நோயாளிங்க விடாம கேட்டதுல, 2025 மார்ச் 1-ல இருந்து ஒரு மாற்றம் வந்திருக்கு. சரியான சீட்டோட மருந்து எடுத்தவங்க, வண்டி ஓட்டற திறன் கெடாம இருந்தவங்கன்னா, லைசென்ஸை ரத்து செய்யாம விட மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்காங்க. இதைத் தப்பாப் புரிஞ்சுக்காதே. குற்றம் இன்னும் குற்றமாத்தான் இருக்கு. தண்டனையில மட்டும்தான் இரக்கம். அதனால ரோட்டுல பாசிட்டிவ் வந்து நோட்டீஸ் கையில கிடைச்சா, அபராதத்தைக் கட்டிட்டு நிம்மதியா இருந்துடாதே. முதல்ல ஒரு வக்கீலைப் பாரு, ஏன்னா அந்த இரக்கம் கோர்ட்டுலதான் கிடைக்கும். டாக்டர் சீட்டு, மருந்தகத்து லேபிள், என்னிக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு எடுத்தேங்கற குறிப்பு மூணையும் சேர்த்து வை. எச்சில் கொடுக்க மாட்டேன்னு மட்டும் சொல்லாதே, அதுவே தனிக் குற்றம். அந்த நாட்டுல டாஸ்மேனியா மட்டும்தான் முறைப்படி வாங்கி முறைப்படி எடுத்த நோயாளியைக் குற்றத்துல இருந்தே விலக்கி வச்சிருக்கு. மாநில எல்லை தாண்டினா சட்டமும் மாறும், சிட்னியில இருக்கற சொந்தக்காரங்களைப் பார்க்கக் கார்ல போகும்போது இதை ஞாபகம் வச்சுக்கோ.

உன் எண்ணெய்ல என்ன இருக்குன்னு டாக்டர்கிட்ட முதல்ல கேளு. போதை தராத சிபிடி மட்டுமா, டிஹெச்சியும் கலந்ததா? ரெண்டும் கஞ்சாச் செடியில இருந்துதான் வருது, ஆனா வண்டி ஓட்டறதுல வானமும் பூமியும். நெதர்லாந்துல 26 பேரைக் கஞ்சா ஆவி இழுக்க வச்சு, நெடுஞ்சாலையிலயே 100 கிலோமீட்டர் ஓட்ட விட்டுப் பார்த்த ஆய்வு 2020-ல வந்தது. சிபிடி மட்டும் எடுத்தவங்க ஓட்டினதுல வித்தியாசம் தெரியல. டிஹெச்சி எடுத்தவங்க முதல் ஓட்டத்துல லேன்ல தள்ளாடினாங்க, நாலு மணி நேரம் கழிச்சு ஓட்டினப்போ அது பெரும்பாலும் அடங்கியிருந்தது. அதுக்காக நாலு மணி நேரம் போதும்னு நினைச்சுடாதே. சிட்னி பல்கலைக்கழகத்துல 80 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல சொன்னது, அளவையும் எடுக்கற விதத்தையும் பொறுத்து 3 மணியில இருந்து 10 மணி நேரம் வரைக்கும் தடுமாற்றம் இருக்கலாம்னு. வாய்வழியாக் குடிக்கற எண்ணெய் மெதுவா ஏறி மெதுவா இறங்கும். ராத்திரி படுக்கப் போகும்போது எடு, புதுசா ஆரம்பிச்ச வாரம் டிராம்ல போ. உன்னை வண்டி ஓட்ட விடாம இருக்க அக்கா சொல்ற காரணம் சட்டம் மட்டும் இல்லடா. டிஹெச்சி நிஜமாவே கையை மந்தப்படுத்தற பொருள்.

அப்புறம் பொங்கலுக்கு வரும்போது அந்த எண்ணெயை ஒரு சொட்டுகூடக் கொண்டு வராதே. விக்டோரியா டாக்டரோட சீட்டை மீனம்பாக்கத்துல காட்டி ஒரு பிரயோஜனமும் இல்ல. நம்ம 1985-ஆம் வருஷத்துச் சட்டத்துல கஞ்சாவை நாட்டுக்குள்ள கொண்டு வர்றது பெரிய குற்றம். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய்னு எங்க விமானம் மாறினாலும் அங்கயும் கடுமையான சட்டம்தான். கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி, இங்க இருக்கற நாளுக்கு வேற வலி மருந்து எழுதி வாங்கிக்கோ.

சானடோரியத்துல ஒரு கேள்வி

இங்கயே கஞ்சா கலந்த மருந்து கிடைக்காதான்னு தம்பி கேட்பான். போதைப்பொருள் சட்டம் கஞ்சான்னு சொல்றது பூத்த, காய்த்த நுனிகளையும் பிசினையும்தான். நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே, இலையை மாநிலச் சட்டங்கள் பார்த்துக்குது. இலையில செஞ்ச ஆயுர்வேத மருந்துகள் 'விஜயா'ங்கற பேர்ல நாட்டுல விற்பனையில இருக்கு. சித்த மருத்துவத்துலயும் கஞ்சாவுக்குப் பழைய காலத்துல இருந்தே இடம் உண்டு. நம்ம தாம்பரம் சானடோரியத்துலயே தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005-ல இருந்து நடக்குது, தினமும் எவ்வளவு கூட்டம்னு உனக்கே தெரியும். அங்க போனாலும் வேற சித்த, ஆயுர்வேத மருத்துவர்கிட்ட போனாலும், லேகியமோ சூரணமோ வாங்கும்போது ஒரு கேள்வி கேளு: 'இதுல கஞ்சா, அபின், ஊமத்தை மாதிரி ஏதாவது சேருதா? நான் வண்டி ஓட்டறேன்.' கேட்கறது மரியாதைக் குறைவு இல்ல. நாட்டு மருந்து, அதனால தூக்கம் வராதுன்னு நினைக்கறதுதான் தப்பு.

இந்த மாதிரி நச்சுச் சரக்கு சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துல 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ளவும்'ங்கற பொருள்ல எச்சரிக்கை போடணும்னு விதி இருக்கு. எந்த மொழியில தெரியுமா? இங்கிலீஷ்லயும் இந்தியிலயும். சித்த மருந்து வாங்கற முடிச்சூர்ப் பாட்டிக்கு அது ரெண்டுமே தெரியாது. இதை நினைச்சா எனக்கு ஆறவே ஆறாது.

நிறுத்தினா என்ன செய்யணும்

தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில தனியா வந்ததுல இருந்து நம்ம பக்கம் ராத்திரி சோதனை அடிக்கடி நடக்கறதைப் பார்க்கற. ஊதச் சொல்ற கருவி மதுவை மட்டும்தான் காட்டும், மாத்திரையைக் காட்டாது. மறுக்காம ஊது. அரிஷ்டமோ ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தோ அப்பத்தான் குடிச்சிருந்தா அதைச் சொல்லி, வாயைக் கொப்பளிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேளு.

நடை தள்ளாடுது, பேச்சு குழறுதுன்னு சந்தேகப்பட்டு 185-ல கைது செஞ்சா, 2 மணி நேரத்துக்குள்ள பதிவு பெற்ற மருத்துவர்கிட்ட பரிசோதனைக்குக் கொண்டு போகணும். கொண்டு போகலைன்னா விட்டுடணும். 202-வது பிரிவுல இருக்கு. சண்டை போடாம அமைதியாச் சொல்லு: 'சார், எனக்கு இந்த வியாதிக்கு இந்த மருந்து, இதோ சீட்டு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.' இதுக்காகவே சீட்டோட போட்டோவை போன்ல வை, ஒரு நகலை வண்டி ஆர்.சி. கூடவே வை. சீட்டு இருக்கறதால 185 தானா விலகிடாது. ஆனா நீ போதைக்காக எடுக்கலங்கறதுக்கு அதுதான் முதல் சாட்சி. தள்ளாடற நிலைமையில நிஜமாவே ஓட்டியிருந்தா சீட்டு காப்பாத்தாது, காப்பாத்தவும் கூடாது.

ஓட்டறவருக்குத் தூக்கக் கலக்கம்னு தெரிஞ்சே 'பரவாயில்ல, மெதுவா ஓட்டு'ன்னு தூண்டி விடறவங்களையும் சட்டம் விடாது, 188-வது பிரிவு இருக்கு. தலைசுத்தல், வலிப்பு மாதிரி வியாதி இருக்கறது தெரிஞ்சே ஓட்டறது 186-ல தனிக் குற்றம், அதுக்கு முதல் தடவை 1,000 ரூபாய். வண்டி இன்சூரன்ஸ் பாலிசியிலயும் மது, போதை மருந்தோட பிடியில ஓட்டினா உன் வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடையாதுன்னு நிபந்தனை இருக்கும், ஒரு தடவை படிச்சு வை. லைசென்ஸுக்குக் கொடுக்கற படிவம் 1-ல வலிப்போ திடீர் மயக்கமோ உண்டான்னு கேட்பாங்க. 40 வயசுக்கு மேல டாக்டர்கிட்ட படிவம் 1ஏ வாங்கணும். ஏஜென்ட்கிட்ட கொடுத்து எல்லாத்துலயும் 'இல்லை'ன்னு டிக் போட வைக்காதீங்க. பரிசோதனை பண்ற டாக்டர்கிட்ட நீங்க சாப்பிடற மருந்துப் பட்டியலை நீட்டுங்க. ஓட்டத் தகுதி இருக்கான்னு ஒருத்தர் உக்காந்து யோசிக்கறதுக்கு நம்ம அமைப்புல இருக்கற ஒரே இடம் அதுதான்.

என்ன மாறணும்

185-வது பிரிவோட அடிப்படை நல்லா இருக்குன்னு நான் நினைக்கறேன். கட்டுப்படுத்த முடிஞ்சுதா இல்லையான்னு கேட்குது. ஆனா அதை எப்படிச் சோதிக்கறதுன்னு ரோட்டுல நிக்கற காவலருக்கு யாரும் சொல்லித் தரல. நேர்க்கோட்டுல நடக்க வைக்கறது, ஒத்தைக் காலுல நிக்க வைக்கறது, கண் பாப்பாவைப் பார்க்கறதுன்னு முறைப்படி பயிற்சி கொடுத்து, அதைப் பதிவு பண்ணச் சொல்லணும். அதுக்கு பதிலா எச்சில் கருவியை மட்டும் வாங்கி நிறுத்தினா விக்டோரியாக் கதை இங்க நடக்கும். கேரளாவுல 2022-லயே எச்சில்ல போதைப்பொருள் பார்க்கற வேன் வந்தாச்சு. இங்க வர ரொம்ப நாள் ஆகாது. வரட்டும், கஞ்சா இழுத்துட்டு ஜி.எஸ்.டி ரோட்டுல பறக்கறவனைப் பிடிக்கத்தான் வேணும். அதோட சேர்த்து, டாக்டர் சொன்னபடி மருந்து எடுத்தவருக்கு ஒரு விலக்கும் எழுத்துல வரணும்.

இங்கிலாந்தும் வேல்ஸும் 2015 மார்ச் 2-ல அதைச் செஞ்சுது. டிஹெச்சிக்கு ஒரு லிட்டர் ரத்தத்துல 2 மைக்ரோகிராம்னு வரம்பு வச்சாங்க. குளோனாசிபாம், டயஸிபாம், மார்பின் மாதிரி மருந்துகளுக்கும் தனித்தனியா வரம்பு வச்சாங்க. கூடவே, எழுதிக் கொடுத்தபடிதான் எடுத்தேன்னு காட்டினா அது தற்காப்புன்னும் சட்டத்துலயே எழுதிட்டாங்க, ஆனா திறன் கெட்டு ஓட்டினா அது தனிக் குற்றம். தெளிவா ஓட்டின நோயாளி தப்பிப்பார், தள்ளாடினவர் மாட்டுவார், மருந்து எதுவா இருந்தாலும் அதே அளவுகோல். இங்க புற்றுநோய் வலிக்கு மார்பின் எடுக்கறவங்க இருக்காங்க, குளோனாசிபாம் போட்டு வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாத்தறவங்க இருக்காங்க. அவங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு வேணும்.

மோட்டார் வாகனச் சட்டமும் மருந்து விதிகளும் டெல்லியில மாற வேண்டியவை. நம்ம தாம்பரம் ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதியில வருது, உன் மனுவை எம்.பி.க்கு எழுது. ஒரு பக்கம் போதும், கேட்கறது ரெண்டுதான்: 185-ல நோயாளிக்கான விலக்கு, மருந்துப் பெட்டியில தமிழ்ல எச்சரிக்கை. பிரான்ஸ்ல மருந்துப் பெட்டி மேலயே முக்கோணத்துக்குள்ள கார் படம் போட்டு, மஞ்சள்னா கவனம், ஆரஞ்சுன்னா டாக்டரைக் கேளு, சிவப்புன்னா ஓட்டாதேன்னு மூணு நிறத்துல அச்சடிக்கறாங்க. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

டெல்லி மாறற வரைக்கும் காத்திருக்க வேண்டியதும் இல்ல. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கறது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசு மருத்துவமனை மருந்து ஜன்னல்ல கொடுக்கற உறையில ஒரு முத்திரை குத்தறதுக்கு சென்னையிலயே முடிவெடுக்கலாம். நான் எங்க கடையில இப்ப கையாலதான் எழுதறேன். தூக்கம் வர்ற மாத்திரையா இருந்தா உறை மேல சிவப்புப் பேனாவால 'தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீங்க'ன்னு எழுதிக் கொடுக்கறேன். உங்க ஆபீஸ் பக்கத்து மெடிக்கல்லயும் இப்படி எழுதித் தரச் சொல்லிக் கேளு, வாங்கறவங்க ரெண்டு மூணு பேர் கேட்டாப் போதும், அவங்களும் ஆரம்பிச்சுடுவாங்க.